மாப்பிள்ளையிடம் கார்டு கேட்பதா?

என் வீட்டுக்காரருக்கு நோட்டு என்றாலே சந்தேகம். பட்டர்வொர்த் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து, ஃபெரி பிடித்து, தீபாவளிக்குச் சேலை எடுக்க வரும் பெண் ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால், அதை வாங்கிக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவார். கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதற்குள் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிருக்கும். "கோவிச்சுக்காதே தங்கச்சி, எல்லாருக்கும் இப்படித்தான்" என்பார். எல்லாருக்கும் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். காரில் வந்து இறங்கி இங்கிலீஷில் விலை கேட்பவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி அப்படியே கல்லாவில் போட்டுவிடுவார்.

கடை பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருந்தது. நான் பிறந்தது கிராணி வீட்டில், அதாவது குமாஸ்தா குடும்பத்தில். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் அரசாங்கக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டே வாழ்ந்து முடித்த யாழ்ப்பாணத்துக்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துச் சேலைக்கடைக்காரரை நான் கட்டிக்கொண்டபோது, வீட்டில் யாரோ தவறிவிட்டதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் கடைக்காரரைக் குனிந்து பார்த்தார்கள். கடைக்காரரோ அவர்களை அண்ணாந்து பார்த்தார். பெண்டாட்டி வீட்டார் யாராவது கடைக்கு வந்தால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடைக்குக் கார்டு மெஷின் வந்தது. மெஷின் என்றால் மின்சாரம்கூட இல்லாத இரும்புத் தட்டு. கார்டை அதில் வைத்து, மேலே கார்பன் சீட்டை வைத்து, கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் எண்கள் சீட்டில் பதியும். இதற்கே வங்கி ஜாமீனாக ஒரு தொகை கேட்டது. என் வீட்டுக்காரரின் பணம் முழுவதும் அலமாரியில் மடித்து அடுக்கப்பட்டிருந்தது. என்னிடம் இருந்தது, கல்யாணத்துக்கு முன்பு டைப்பிஸ்டாக வேலை பார்த்துச் சேர்த்த பணம். பழைய கார் ஒன்று வாங்குவதற்காக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். லைசென்ஸ் எடுத்துப் பல வருஷமாகியும் கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அக்காவைப் பார்க்க ஃபெரிக்கும் பஸ்ஸுக்கும் காத்துக் கிடந்தவள் நான். "ஜாமீன்தானே, எங்கேயும் போயிடாது லா. பேங்க்ல சும்மாதான் இருக்கும்" என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

வங்கியிலிருந்து ஒரு சீனப் பெண் வந்து விளக்கினாள். கடைக்கு நேரில் வருகிறவரிடம் கார்டை வாங்கித் தேய்த்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். டெலிபோனில் கேட்பவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும் என்றாள். கார்டு எண்ணையும் அது காலாவதியாகும் மாதத்தையும் கார்டில் உள்ளபடியே பெயரையும் கேட்க வேண்டும். மாதாமாதம் வங்கிக் கணக்குப் போகும் விலாசத்தையும் கேட்டு, சரக்கை அந்த விலாசத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். அங்கே வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்குக் கடையைத் தாண்டும் முன்பே வங்கிக்கு ஃபோன் அடித்து அனுமதி எண் வாங்கிவிட வேண்டும். அந்த எண் கிடைத்தாலும், கார்டு தொலைந்ததாக யாரும் சொல்லவில்லை, அதில் இடம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். பேசுகிற ஆள்தான் கார்டுக்குச் சொந்தக்காரர் என்று வங்கி சத்தியம் செய்து கொடுக்கவில்லை. யாராவது நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால், அது டெலிபோன் வியாபாரமே இல்லை, கார்டைக் காட்டி அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவளுக்கு மைலோ வரவழைத்துக் கொடுத்தார்.

ஈப்போவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. டெலிபோனில் பேசுவதென்றால் ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும் என்பது அவர் பழக்கம். அந்த அம்மாள் கார்டு எண்ணைச் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொன்றாக உரக்கத் திருப்பிச் சொன்னார். கடைக்குள் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் கூடையை இறக்கி வைத்திருந்த பூக்காரர் கேட்டார். பக்கத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை பாயும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துக் காட்டியபோது, "அண்ணே, நடுவுல ஒரு ஏழு விட்டுட்டீங்க!" என்று வெளியிலிருந்து பாயின் குரல் வந்தது. "ஆமாமா, ஏழு, ஏழு" என்று இவர் நன்றியோடு எழுதிக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வங்கிக்காரி கேட்கச் சொன்ன கேள்விகள் இவருக்குப் பிடிக்கவில்லை. அவை மரியாதைக் குறைவாம். அதற்குப் பதிலாகச் சொந்தமாகச் சில கேள்விகளை வைத்திருந்தார். எந்த ஊர், யார் பிள்ளை, அப்பா எந்த ஆபிஸில் இருந்தார், அம்மா எந்த வீட்டுப் பெண், கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தது என்று கேட்டுக்கொண்டே போவார். யாராவது ஒரு பொதுச் சொந்தம் அகப்பட்டுவிட்டால் போதும், "அட, நம்ம ஆளு!" என்று முடித்துவிடுவார். கார்டு எப்போது காலாவதியாகும் என்று கேட்க மறந்திருப்பார். பினாங்கில் நம் ஆட்களில் யார் யாருக்கு என்ன உறவு என்பது பல்லுத் தேய்க்கும் குழந்தைக்கும் தெரியும், அதைச் சொல்ல கார்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். என்னைப் போல் எல்லாரையும் திருடனாகப் பார்க்க அவரால் முடியாதாம். ஃபேக்டரிப் பெண்ணின் நோட்டை விளக்கில் பிடிக்கிற மனுஷன் சொன்னது இது.

ஜாமீன் என் பணம் என்பதால் டெலிபோனை நான் எடுத்துக்கொண்டேன். உள்பாவாடைகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அதை மாற்றினேன். எண்ணை நான் திருப்பிச் சொல்வதில்லை. அவர்களையே இரண்டாம் முறை சொல்ல வைத்து, எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்வேன். எழுதிய சீட்டு நான் பூட்டிச் சாவி வைத்திருக்கும் இழுப்பறைக்குள் போய்விடும். புதியவர்கள் என்றால் ஃபோனை வைத்துவிடச் சொல்லி, டெலிபோன் டைரக்டரியில் அவர்கள் பெயரைத் தேடி, அதில் உள்ள நம்பருக்கு நானே திருப்பி அடிப்பேன். வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தைப்பிங்கிலிருந்து ஒரு வக்கீல் அம்மாள், ஒரு சேலைக்கு இத்தனை விசாரணையா என்று கோபித்துக்கொண்டாள். "சேலைக்கு இல்லீங்க, உங்க கார்டுக்கு" என்றேன். மறுபடியும் என்னிடமே வாங்கினாள்.

அந்த வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு அக்கா வீட்டில் ஒரு விசேஷம். நான் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நேத்து யாரு ஃபோன் அடிச்சா தெரியுமா? உங்க பெரிய கிராணி வீட்டு மாப்பிள்ளை! இங்கிலீஷ்ல என்னா பேச்சு!"

பெரிய கிராணி என்று அவர் சொன்னது, ரயில்வேயில் என் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர் மகளைத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"யார் கார்டு?" என்றேன்.

"மாமனார் கார்டு. எடுத்துக்கோன்னு அவரே நம்பரைக் குடுத்தாராம்."

"மாமனாருக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டீங்களா?"

"உங்க மாப்பிள்ளை உண்மை சொல்றாரான்னு ஒரு பெரிய மனுஷர்கிட்டக் கேக்கச் சொல்றியா? நல்லா இருக்கே! பேங்க்குக்கு அடிச்சேன், உடனே அனுமதி நம்பர் குடுத்துட்டான். இன்னும் என்ன வேணும்?"

"சேலைகளை எங்கே அனுப்பினீங்க?"

"எங்கேயும் அனுப்பலை. அவரே கார்ல வந்து எடுத்துக்கிட்டாரு, அவர் கல்யாணத்துல நான் பார்த்த அதே முகம். எல்லாம் பட்டு. நல்ல பட்டா பார்த்துத்தான் எடுத்தாரு."

"அப்போ கார்டைக் காட்டினாரா? கையெழுத்துப் போட்டாரா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல் பார்த்தார்.

"மாப்பிள்ளைகிட்ட கார்டு கேக்கிறதா?"

இதை நம் ஆட்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் விளங்காது. மாப்பிள்ளை என்பவரிடம் கொடுக்கத்தான் வேண்டும், எதையும் கேட்கக் கூடாது. வேறு வீட்டு மாப்பிள்ளையானாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பாய் கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்து, ரவிக்கைத் துணியை இலவசமாகச் சேர்த்து வைத்து, பையைத் தன் கையாலேயே காருக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'டெலிபோன் ஆர்டர்' என்று தாமே எழுதியிருந்தார். அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஃபோன் அடிக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்து, நான் அவர் மானத்தை வாங்கப் பார்க்கிறேன் என்றார். விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில் வங்கியிலிருந்து அதே சீனப் பெண் கூப்பிட்டாள். கார்டுக்குச் சொந்தக்காரர் அந்தச் சேலைகளைத் தான் வாங்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அவர் விலாசத்துக்குச் சரக்குப் போனதற்கு ஏதாவது அத்தாட்சி? இல்லை. அனுமதி எண் வாங்கினோமே என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றாள், பாவம், வருத்தத்தோடுதான். கடைக் கணக்கு அப்போது துடைத்து வைத்தமாதிரி இருந்தது. பணத்தை ஜாமீனிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் திருடியவனைவிட டீ வாங்கிக் கொடுத்தவர் மீது.

"எடுத்தது யாருன்னு தெரியும், அவங்க வீடு தெரியும். வாங்க, போய்க் கேட்போம்" என்றேன்.

"எப்படிக் கேக்கிறது? அந்த வீட்டுப் பேரு என்ன ஆகும்?"

"போலிஸ்ல சொல்வோம்."

"போலிஸா? உனக்குப் பைத்தியமா? படிச்ச குடும்பம். நமக்கென்ன லா, நாம கடைக்காரங்க. அடுத்த வருஷம் உனக்குக் கார் வாங்கித் தரேன்."

மறுநாள் காலையில் நான் தனியாக ஃபெரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் பிடித்துப் பெரிய கிராணி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், என்ன சொல்ல வேண்டும், அவர் இப்படிச் சொன்னால் நான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

பெரிய கிராணி முன்ஹாலில் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளும் அன்று வந்திருந்தாள், சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, மெதுவாக் கதை."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை ஒருநாள் மேசைமேல் கிடந்த கார்டைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு போயிருக்கிறான். வங்கிக் கணக்கு வந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான். இதையெல்லாம் அவர் வானிலை சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்.

"அப்ப ஏன் அங்கிள், பேங்க்கிலே தெரியாது எண்டு எழுதிக் குடுத்தனீங்கள்?"

"நான் எடுத்தது எண்டு சொன்னா நான் காசு கட்ட வேணும். மாப்பிள்ளை எடுத்தவர் எண்டு சொன்னா என்ட மகள் கட்ட வேணும். ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொன்னா பேங்க் பார்த்துக்கொள்ளும்."

"பேங்க் பார்க்கயில்லை. எங்களிட்ட எடுத்துப்போட்டுது."

"கடை வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது ஒரு நட்டமே? நாலு சேலையிலே நாலு வெள்ளி கூட்டி வித்தாச் சரி. நீ எங்கட பிள்ளை, உனக்கு விளங்கும்."

வாழ்நாள் முழுவதும் அரசாங்கக் காசில் ஒரு சதம் பிசகாத மனுஷர் இவர், ஊரே சொல்லும். கடைக்காரர் காசு மட்டும் காசில்லை போலிருக்கிறது. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரரை நினைத்து எனக்கு முதன்முறையாகப் பாவமாக இருந்தது. இவருக்காகவா எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார் என்று நினைத்தேன்.

"அது கடைக் காசில்லை, அங்கிள். என்ட காசு. டைப் அடிச்சுச் சேர்த்த காசு" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

மகள் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சேலை, அக்கா?"

ஃபெரியில் நான் அடுக்கி வைத்துக்கொண்டு வந்ததில் இந்தக் கேள்வி இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து பெரிய கிராணி என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லாத கை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: மாப்பிள்ளையின் திருட்டை மட்டும் அவர் மறைக்கவில்லை. அந்தப் பட்டில் ஒன்றுகூட இவளுக்கு வரவில்லை, வேறு எவளுக்கோ போயிருக்கிறது. அவருக்காக ஒரு வார்த்தை பொய் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாது, மாமனார் சொல்லக் கூடாது, கடைக்காரி வாயைத் திறக்கக் கூடாது, எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

"உன்ட மனுசன் தீபாவளிக்கு முன்னுக்கு எங்கட கடையிலே எடுத்த பட்டு. மயில்கழுத்திலே ஒண்டு, அரக்கிலே ஒண்டு, இன்னும் இருக்கு" என்றேன்.

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். டீ சிந்தவில்லை.

"எனக்கு ஒண்டும் வரயில்லையே, அக்கா."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா, அப்பா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வங்கிக்காரி கூப்பிட்டாள். கார்டுக்குச் சொந்தக்காரர் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டுவிட்டாராம். மகள் பக்கத்தில் நின்று எழுத வைத்தாள் என்று அக்கா சொன்னாள். ஜாமீன் முழுசாகத் திரும்பி வந்தது. அன்றைக்கே அதை வங்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, ஜாமீன் வேண்டுமென்றால் உங்கள் பட்டை அடகு வையுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பழைய கார் வாங்கினேன். ஏர்கான் கிடையாது, பின்கதவு உள்ளிருந்து திறக்காது, ஆனால் பெட்ரோல் போட்டால் நான் சொன்ன இடத்துக்குப் போனது.

சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். குற்றம் என்னுடையது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. நாலு சேலைக்காக ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனாம். ஒரு கல்யாணத்தில் அந்த மாப்பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து உபசரித்தார்கள், என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. மகள் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். எத்தனை நாளைக்கு வைத்திருப்பது, ஊர் என்ன சொல்லும் என்று பெரிய கிராணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை அவரே எனக்கு ஃபோன் அடித்தார். மாப்பிள்ளை மன்னித்து ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம். மன்னிப்பது அவன்!

"டாக்சியிலே அனுப்பினா பெட்டியைச் சனம் பார்க்கும். உன்னட்டக் கார் இருக்குத்தானே. நீதானே தொடங்கினனீ, நீயே கொண்டுபோய் விடு."

போய் ஏற்றிக்கொண்டேன். பெரிய கிராணி பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே மகளின் தலையைத் தொட்டார். அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவளைத் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடத்தானா இந்தக் காரை வாங்கினேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினேன். தீவுக்குப் போகும் பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடம் நெருங்கியது. சிக்னல் போட்டேன்.

"திரும்பாதேங்கோ, அக்கா" என்றாள். "என்னை இந்தக் கரையிலேயே, செபராங் ஜெயாவிலே விடுங்கோ. அங்க ஒரு ஆபிஸிலே வேலை கிடைச்சிருக்கு. கூட வேலை செய்யப்போற பிள்ளையோட ரூம் எடுத்திருக்கிறன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இந்த ஊரிலே சொல்லுறதுக்கு வேற ஆர் இருக்கினம்?"

சிக்னலை அணைத்துவிட்டு நேரே ஓட்டினேன்.